ஆயிரத்து முந்நூறு டிகிரிக் கைப்பக்குவம்

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் வேளையில், பக்கத்து நாற்காலிக்காரர் "சார் என்ன பண்றேள்?" என்று கேட்டால் வேம்புவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "மாவு அரைக்கிறேன்."

கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகும். நெற்றியில் மூன்று பட்டை, சலவை வேட்டி, மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் வீடு. இந்த மனுஷர் மாவு மில்லா நடத்துகிறார்? அந்த ஒரு கணத்தை வேம்பு நன்றாக ரசிப்பார். பிறகுதான் "தோசை மாவு இல்லை, சீரியம் ஆக்சைடு" என்று ஆரம்பிப்பார். அதற்குள் பந்தியில் இலை போட்டுவிடுவார்கள். கேட்டவர் பிழைத்தார்.

தன்னைத் தானே கேலி செய்துகொள்வதில் வேம்புவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான். அப்பா வயலின் வாத்தியார். மூத்த பிள்ளைக்கு ஏழு வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு, எட்டாவது வருஷம் வயலினை உறையில் போட்டு, "வேற பையனைப் பாக்கறேன்" என்று தம்பியிடம் போய்விட்டார். அன்றைக்கே வேம்பு வாசலில் நின்று, "வயலினுக்கு இன்னிலேர்ந்து நிம்மதி" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அடுத்தவன் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. வேதியியலில் இரண்டாம் வகுப்பு வாங்கியபோதும் சிரித்தார். அடையாறு பாலம் தாண்டி ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆனபோதும், "இன்னும் அந்த ஆறு மாசம் முடியலை" என்று சிரித்தார்.

அங்கே அவருக்கு என்ன வேலை என்று மனைவி ஜலஜாவுக்கு ஒரு தடவை புரிய வைத்தார். எரிபொருளைக் கொளுத்தாமலே மின்சாரம் எடுக்க ஒரு கருவி உண்டு. எரிபொருள் கலம் என்று பெயர். அதன் நடுவில் ஒரு பீங்கான் வில்லை இருக்கும். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஹைட்ரஜன். "நம்மாத்து வலைக்கதவு மாதிரின்னு வெச்சுக்கோ. காத்து வரணும், கொசு வரப்படாது. இதுல கொஞ்சம் உல்டா. ஆக்சிஜன் அயனி மட்டும் உள்ளே நுழையணும், காத்து துளிக்கூட ஒழுகப்படாது. ஒழுகாத வில்லை பண்ணித் தரதுதான் என் உத்தியோகம்."

"ஒழுகாம பண்றேளா?" என்றாள் ஜலஜா.

"பெரும்பாலும் ஒழுகறது."

அது உண்மைதான். ரொம்ப வருஷம் ஒழுகியது. சீரியம், காடோலினியம் என்ற இரண்டு உலோகங்களின் நைட்ரேட் உப்பைத் தண்ணீரில் கரைத்து, கிளைசின் என்ற பொடியைச் சேர்த்து ஹாட் பிளேட்டில் வைத்தால், கொதித்து, சுண்டி, பாகு பதத்துக்கு வந்து, திடீரென்று 'குப்'பென்று பிடித்துக்கொள்ளும். பாத்திரம் நிறைய வெளிர் மஞ்சளில் நுரை நுரையாகச் சாம்பல் நிற்கும். அதைச் சூளையில் ஒரு வாட்டு வாட்டி, கல்வத்தில் போட்டு முக்கால் மணி நேரம் அரைத்து, அச்சில் வைத்து அழுத்தி வில்லையாக்கி, ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரியில் சுட வேண்டும். சுட்ட வில்லையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது கெட்டிப்பட்டிருந்தால் தேறும். அதற்குக் கீழே போனால் உள்ளே ஓட்டை என்று அர்த்தம், காற்று ஒழுகும், தூக்கிப் போட வேண்டியதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை சமயத்தில், சூளையின் சூடேற்றும் கம்பி ஒன்று உடைந்தது. புதுக் கம்பி வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை ஆயிரத்து முந்நூறுக்கு மேல் ஏறாது. அதில் சுட்டால் வில்லை பொரை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சும்மா உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதே என்று வேம்பு நாலு வில்லையைப் போட்டு வைத்தார். மறுநாள் எடுத்து எடை பார்த்துக் கெட்டியைக் கணக்குப் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி எட்டு. தராசு கெட்டுவிட்டது என்றார். தலைமைப் பேராசிரியர் சிதம்பரநாதன் வந்து அவரே மூன்று தடவை எடை போட்டார். தராசு கெடவில்லை.

நூற்றைம்பது டிகிரி குறைவாகச் சுட்டுக் கெட்டியான வில்லை கிடைக்கிறது என்றால் இந்தத் துறையில் அது பெரிய விஷயம். கட்டுரை வந்தது, முதல் பெயர் வேம்புவுடையது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. அதே குறிப்பை வைத்துக்கொண்டு மற்றவர்கள் செய்தால் எண்பத்தேழு, எண்பத்தெட்டு. வேம்பு செய்தால் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. சிதம்பரநாதன் ஒரு நாள் கூட்டத்தில் சொன்னார்: "குறிப்புல எல்லாம் சரியாத்தான் இருக்கு. மிச்சம் இருக்கறது வேம்பு சாரோட கைப்பக்குவம்."

வயலின் கைவிட்ட கை. அந்தக் கைக்குப் போய் இப்படி ஒரு பெயர்! அன்று சாயங்காலம் லஸ் முனையில் சிக்னலுக்கு நிற்கும்போது ஸ்கூட்டர் கைப்பிடியில் இருந்த தன் விரல்களை வேம்பு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆட்டோக்காரர் "பெர்சு, கிளம்புறியா இல்லியா?" என்று கத்தியபிறகுதான் பச்சை விழுந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது என்று ஜலஜா சொல்வாள். கல்வத்தைத் தொடும் முன் சபையில் உட்காரும் வித்வான் மாதிரி கண்ணை மூடி அரை நிமிஷம் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் இருக்கும் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, கல்வத்தின் விளிம்பில் மூன்று விரலால் ஒரு பட்டை, குழவியில் ஒரு பட்டை, மிச்சத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு அரைக்க ஆரம்பிப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உள்ள பழக்கம் அது. சாமி விஷயம் என்பதால் எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

இந்த நிலைமையில்தான் பொன்மணி வந்து சேர்ந்தாள்.

பொன்மணிக்கு இருபத்தாறு வயது. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். ஒன்பதாவது படிக்கும்போது அந்தக் குடிசைகளையெல்லாம் காலி செய்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஒன்பது மணிக்கு முதல் ஆளாக ஆய்வகத்தில் நிற்பாள். முனைவர் பட்டத்துக்கு அவளுக்குக் கொடுத்த தலைப்பே வேம்புவின் வில்லைதான். அதைத் தானும் செய்து காட்டி, மேற்கொண்டு கலமாகக் கட்ட வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருந்தாள். எண்பத்தேழு. எண்பத்தெட்டு. மறுபடி எண்பத்தேழு.

வேம்பு அவளிடம் அன்பாகத்தான் இருந்தார், அதுதான் கொடுமை. "கை வரணும்மா" என்பார். "சங்கீதம் மாதிரிதான் இதுவும். சில பேருக்குத் தானா வரும். சில பேருக்கு..." என்று பாதியில் நிறுத்திவிடுவார். முழுதாகச் சொல்லாமல் விட்டது தன் பெருந்தன்மை என்று அப்போது அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்று பட்டைக்காரர் ஆற்றங்கரைப் பெண்ணைப் பார்த்துச் சில பேருக்குக் கை வராது என்று இழுப்பது காதில் எப்படி விழும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையை அவர் கைக்கு விட்டிருந்தார்.

ஒரு நாள் பொன்மணி கேட்டாள், "சார், நீங்க ஒரு பேட்ச் போடுறத மொதல்லேர்ந்து கடைசி வரிக்கும் கூடவே நின்னு எழுதிக்கிட்டா?"

"எழுதிக்கோயேன். கையை எழுத முடியுமா என்ன?"

அவள் ஒரு முழு நாள் கூடவே நின்றாள். சாயங்காலம் நோட்டை அவரிடம் சரிபார்க்கக் கொடுத்தாள். அழகான கையெழுத்து. எத்தனை மணிக்கு எது, எத்தனை சுற்று, எந்தப் பக்கமாக அரைக்கிறார், எல்லாம் இருந்தது. ஒன்பதாவது வரியில் இப்படி இருந்தது: 'கல்வத்து விளிம்பிலும் குழவியிலும் திருநீறு, மூன்று விரல். எடை அளக்கவில்லை.'

வேம்புவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்மா, சாமிக்கு வேண்டிக்கிறதையும் எடை போடுவியா?"

"பண்ணதெல்லாம் எழுதணும்ல சார்? துன்னூறு அப்டியே உள்ள தான கொட்டிக்கினு கீது."

"அது சாமி விஷயம். சயின்ஸ் இல்லை" என்று சொல்லி, சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்பதாவது வரியை அடித்தார். மறுநாள் டீ நேரத்தில் இந்தக் கதையைச் சொல்லி ஆய்வகம் முழுக்கச் சிரிக்க வைத்தார். பொன்மணியும் ஒப்புக்குச் சிரித்தாள்.

அந்த மாதக் கடைசியில் சிதம்பரநாதன் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. அதற்குள் வில்லை வராவிட்டால் இந்தத் தலைப்பில் பதிவைத் தொடர முடியாது, உதவித்தொகையும் நின்றுவிடும். பொன்மணி அழவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்து கல்வத்தைக் கழுவினாள். வேம்புவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவப்பட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்த வேம்பு ஸ்வாமி அலமாரியில் விபூதிக்குக் கைவிட்டார். விரலில் வந்தது ஏதோ சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று.

"ஜலஜா, என்ன இது, அடுப்புச் சாம்பலா?"

"பசுஞ்சாண விபூதின்னா. பாக்கெட் தீந்துடுத்து. பழைய டப்பால இருந்துது, எடுத்து வெச்சேன்."

"நெத்தில ஒட்டவே மாட்டேங்கறதே!"

"இருவது வருஷம் இதைத்தானே இட்டுண்டிருந்தேள்? கறுப்பா இருக்குன்னு நீங்கதான் மூக்கால அழுதேள். மூணு வருஷம் முன்னாடி நவராத்திரிக்கு, குளத்தங்கரைக் கடைல வெள்ளைப் பாக்கெட் வாங்க ஆரம்பிச்சேன். அப்பலேர்ந்து உங்களுக்கு ராஜ நெத்தி."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷம்னேனே. அந்தச் சூளைக் கம்பி உடைஞ்சுதுன்னு ஆத்துல வந்து புலம்பிண்டிருந்தேளே, அப்போ."

வேம்பு விரலைத் துடைக்காமல் நின்றார். பிறகு குப்பைக் கூடையில் கிடந்த காலி விபூதிப் பொட்டலத்தை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை ஒரு தட்டில் தட்டினார். சமையலறைக்குப் போய் அரை மூடி எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து அதன்மேல் பிழிந்தார். விபூதி பொசுபொசுவென்று பொங்கியது.

"சிவ சிவா! விபூதில போய் எலுமிச்சம்பழம் பிழியறேளே, புத்தி கித்தி கலங்கிடுத்தா?" என்றாள் ஜலஜா.

"இது விபூதி இல்லைடி. சுண்ணாம்புக்கல் பொடி. வாசனை போட்டிருக்கான்."

"சுண்ணாம்பையா மூணு வருஷமா..." என்று ஜலஜா தன் நெற்றியைத் தடவிக்கொண்டாள். வேம்பு கவலைப்பட்டது நெற்றிக்காக அல்ல. துளி சுண்ணாம்புச் சத்து சேர்ந்தால் இந்த மாவு குறைந்த சூட்டிலேயே கெட்டிப்படும் என்பது புத்தகத்தில் உள்ள சங்கதி. இருபத்தெட்டு வருஷம் மாவு அரைத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்தும், அது தன் கைதான் என்று யாரோ சொன்னபோது எவ்வளவு சௌகரியமாக நம்பிவிட்டார்!

அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போனார். விடுமுறை, யாரும் இல்லை. ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறுமனே அரைத்தார். மற்றதை, வழியில் குளத்தங்கரைக் கடையில் வாங்கிய வெள்ளை விபூதியைப் பட்டை போட்டு அரைத்தார். ஒரே சூளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஞாயிறு மத்தியானம் திறந்தார். பட்டை போட்டது தொண்ணூற்றாறு புள்ளி ஒன்பது. போடாதது எண்பத்தேழு புள்ளி நாலு. வேம்புவின் கைப்பக்குவம், எந்தச் சேர்மானமும் இல்லாமல், எண்பத்தேழு புள்ளி நாலு. பொன்மணியின் கைக்கு வந்த அதே எண்பத்தேழு.

திங்கட்கிழமை முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். சிதம்பரநாதன் அறைக்குள் நுழைந்ததும் அவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். நிறுவன நாள் விழாவில் வேம்புவுக்குச் சால்வை போடுவதாக முடிவாகியிருந்தது. மேடையிலேயே கல்வத்தை வைத்து அரைத்துக் காட்ட வேண்டுமாம். "உங்க கையை எல்லாரும் பாக்கணும் வேம்பு சார்" என்றார். வேம்பு தன் கையைப் பார்த்தார், "ஆகட்டும் சார்" என்றார், வெளியே வந்துவிட்டார். என்ன வாய் அது! பந்தியில் கேட்காதவனுக்கெல்லாம் கதை சொல்லும் வாய், கேட்க வேண்டியவர் முன்னால் 'ஆகட்டும் சார்' என்கிறது.

ஆனால் பொன்மணி விஷயம் உறுத்தியது. ரொம்பவே உறுத்தியது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சூடாகும். பொன்மணி சாப்பிடப் போன நேரத்தில் அவள் கல்வத்தருகே போனார். பொட்டலத்திலிருந்து ஐம்பது மில்லிகிராம் எடுத்தார். திருட்டுத்தனத்திலும் நாலு தசமம் வரை பார்த்து எடை போட்டார், அது தொழில் பக்தி. அவள் அரைத்து வைத்திருந்த மாவில் தூவி, நாலு சுற்று கலந்துவிட்டு, நல்ல பிள்ளையாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவளும் பிழைப்பாள், தன் பெயரும் பிழைக்கும் என்று கணக்கு.

இரண்டு நாள் கழித்து பொன்மணி தராசுக்கு முன்னால் அசையாமல் நின்றாள். தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று. மறுபடி எடை போட்டாள். மறுபடி. பிறகு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். பத்து நிமிஷம் கழித்து முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சார், கை வந்துட்சி சார்!"

"நான் சொல்லலை?" என்றார் வேம்பு.

இப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ விஷயத்தில் அவர் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார். அவற்றில் முதல் இடம் இந்த இரண்டு வார்த்தைக்குத்தான்.

ஏனென்றால் பொன்மணி ஒரு தடவையோடு விடுகிற ஆள் இல்லை. ஒரு வில்லை வந்தால் போதாது, குழு முன்னால் திரும்பத் திரும்ப வந்ததென்று காட்ட வேண்டும் என்று மூன்று பேட்ச் புதிதாக ஆரம்பித்தாள். கவனம் சிதறக் கூடாதென்று கல்வத்தை விட்டு அசையவே இல்லை. சாப்பாட்டு மணி அடித்தால் கல்வத்தை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். பையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வேம்பு ஐந்து நாள் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம். மூன்று பேட்சும் வெளியே வந்தன. எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தேழு. அன்று அவள் நோட்டில் எழுதியதை வேம்பு தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். 'முந்தைய பேட்ச் போல் வரவில்லை. என் கவனக்குறைவாக இருக்கலாம்.'

வேம்பு பொட்டலத்தை மறுபடி பைக்குள் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடியது. சிதம்பரநாதனும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்களும். வேம்பு ப்ரொஜெக்டரைப் போட்டுவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொன்மணி எதையும் மறைக்கவில்லை. ஒரு பேட்ச் தொண்ணூற்றேழு, மற்றதெல்லாம் எண்பத்தேழு, எண்பத்தெட்டு, காரணம் தெரியவில்லை என்று சொன்னாள். வெளியிலிருந்து வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாற்பது தடவையில ஒண்ணு வந்திருக்கு. அப்போ குறிப்புல தப்பு இல்லை. இது செய்முறைத் திறமை சம்பந்தப்பட்டது. இந்தப் பொண்ணுக்கு வேற ஏதாவது, கணக்கு சம்பந்தமா, லேசா ஒரு தலைப்பு..."

வேம்பு எழுந்துவிட்டார். எழுந்தது கால்தான், மனசு இன்னும் உட்கார்ந்துதான் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம். குறிப்புலதான் தப்பு. அதுல ஒரு சாமான் விட்டுப் போச்சு."

"என்ன சாமான்?" என்றார் சிதம்பரநாதன்.

"விபூதி சார்."

அப்புறம் வாய் திறந்துகொண்டது. ஆரம்பத்தில் குரல் நடுங்கியது, முதல் சிரிப்பு விழுந்ததும் நடுக்கம் போய்விட்டது. மூன்று பட்டை, குளத்தங்கரைக் கடை, எலுமிச்சம்பழம், ஜலஜாவின் 'சிவ சிவா' எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொன்னார். "கைப்பக்குவம்னு சொன்னேள், நானும் மூணு வருஷமா இந்தக் கையை ராத்திரி தலைமாட்டுல வெச்சுண்டு தூங்கினேன். கடைசில பாத்தா எல்லாம் கடைக்காரனோட கலப்படம் சார்! அவன் மட்டும் யோக்கியனா இருந்திருந்தா எனக்குக் கட்டுரையே கிடையாது." சிதம்பரநாதன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூத்தவர் மேஜையைத் தட்டினார். சுண்ணாம்புச் சத்தை அளந்து சேர்த்தால் இதுவே நல்ல ஆராய்ச்சி, பொன்மணி இந்தத் தலைப்பிலேயே தொடரட்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. "சால்வை உமக்குக் கண்டிப்பா உண்டு ஓய்" என்றார் சிதம்பரநாதன். வேம்பு கும்பிட்டார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

அப்போதுதான் பொன்மணி அங்கே இல்லை என்பதைப் பார்த்தார். வராந்தாவில் ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தாள். வேம்பு சிரித்த முகத்தோடேயே வெளியே போனார்.

"என்னம்மா, தப்பிச்சோம் பாத்தியா?"

"சார், நான் துன்னூறு வெக்கலியே. நீங்க அடிச்சி வுட்டீங்க, நான் வெக்கவே இல்ல. அப்ப அந்த ஒரு தபா மட்டும் எப்டி வந்துச்சி?"

உள்ளே சொன்ன கதையில் இந்த இடத்தை அவர் தாண்டிப் போயிருந்தார். சிரிப்பு வராத இடம் என்பதால் தாண்டினாரா, வேறு காரணமா, அவருக்கே அப்போது தெரியவில்லை.

"நான்தான் போட்டேன். நீ சாப்பிடப் போயிருந்தப்போ."

பொன்மணி தலையை ஆட்டிக்கொண்டாள், முன்பே தெரிந்தமாதிரி. "அன்னிக்கி இங்கதான் சார் நின்னு எங்கம்மாக்கு போன் பண்ணேன். எம்மா, எனக்கு கை வந்துட்சிம்மான்னு சொன்னேன். அது எங்க பிளாக்கு பூரா வீடு வீடா போயி சொல்லிக்கினு வந்துச்சி. அப்பால மூணு தபா வரலன்னதும் அதாண்ட இன்னா சொல்றதுன்னு தெரியாம, பஸ் ஸ்டாண்டுலயே ஒக்காந்துகினு இருந்தேன் சார், ஒரு மணி நேரம்."

வேம்பு வாயைத் திறந்தார்.

"நீங்க சொன்னது நல்லா இருந்துச்சி சார். எல்லாரும் சிரிச்சாங்க. உங்க மேல யாருக்கும் கோவமே வரல." அவள் குரல் ஏறவில்லை. "ஆனா நீங்க சிரிக்க வெச்சப்ப, என் கைய பத்தி அந்தாளு சொன்னது அப்டியே நின்னுபோச்சி. அத யாரும் வாபஸ் வாங்கல."

பதிலுக்கு வேம்புவிடம் வழக்கமாகப் பத்துப் பதினைந்து வேடிக்கை கையிருப்பில் இருக்கும். ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். தன்னைப் பார்த்துச் சிரிப்பது பெரிய பணிவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தவருக்கு, அது எவ்வளவு பெரிய குடை என்று தெரிந்தது. மழையில் நின்றவள் வேறு ஒருத்தி.

"தப்பு பண்ணிட்டேன் பொன்மணி. மன்னிச்சுக்கோ" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உள்ளே வா" என்றார்.

உள்ளே டீ வந்திருந்தது. மூத்தவர் இன்னும் சிரித்துக்கொண்டே, "விபூதிக்காரரே, வாங்க" என்றார்.

வேம்பு உட்காரவில்லை. "சார், நான் முழுசா சொல்லலை. அந்தத் தொண்ணூற்றேழு பொன்மணிக்குத் தெரியாம நான் சுண்ணாம்பு கலந்து வந்தது. இந்தப் பொண்ணோட மாவில நான் கை வெச்சேன். எதனாலன்னு தெரிஞ்ச பிறகும் என் பேர் போயிடும்னு பயந்து வாயை மூடிண்டிருந்தேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள்.

"அவ அரைச்சது சுத்தமான மாவு. அதுக்கு ஆயிரத்து முந்நூறுல எண்பத்தேழுதான் வரணும், எண்பத்தேழுதான் வந்தது. ஒவ்வொரு தடவையும் சரியா வந்தது. அவ கையில ஒரு குறையும் கிடையாது. நான் போட்டதைப் பாத்து எழுதியும் வெச்சா, நான்தான் அடிச்சேன். பதினாலு மாசமும் அவ செஞ்சதுதான் சரி, நான் செஞ்சதுதான் தப்பு. இதை இப்படியே குழுவோட அறிக்கையில எழுதணும் சார்."

சிதம்பரநாதன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். மூத்தவர் பொன்மணியைப் பார்த்து, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். சிதம்பரநாதன் பேனாவை எடுத்தார். எழுதி முடித்து ஒரு தடவை உரக்கப் படித்தார்.

"பதினஞ்சு மாசம் சார்" என்றாள் பொன்மணி.

சிதம்பரநாதன் நிமிர்ந்து வேம்புவைப் பார்த்தார். வேம்பு தலையசைத்தார். சிதம்பரநாதன் பதினான்கை அடித்துவிட்டு, பதினைந்து என்று எழுதினார்.